சரிவின் கணக்கு: ஆழ்சுரங்கக் கழிவுநீர்ப் பாதைகளும் வேலூரின் நிலமும்

பாலாற்றங்கரை ஊர்களில் வயதானவர்களுக்கு ஊற்றுக்கால்வாய் என்ற சொல் இன்னும் நினைவில் இருக்கும். ஆற்றின் மேல்பரப்பில் நீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதை அறிந்த வட ஆர்க்காட்டு உழவர்கள், அந்த நீர் தென்படும் ஆழம் வரை மணலைத் தோண்டி, அங்கிருந்து ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் ஒரு கால்வாயை வெட்டிக்கொண்டு போனார்கள். ஆறு விரைந்து இறங்கும், கால்வாய் மெல்ல இறங்கும். சில மைல் போவதற்குள் கால்வாய் நீர் தரைமட்டத்தை எட்டி வயலில் பாய்ந்துவிடும். ஏற்றம் இறைக்காமலேயே நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்த அந்த வேலைக்கு வேண்டியிருந்தது சரிவைப் பற்றிய துல்லியமான அறிவு ஒன்றுதான்.

கழிவுநீரைக் கொண்டுபோகும் பாதைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் தலைகீழாக. ஊற்றுக்கால்வாயின் சரிவு நிலத்தின் சரிவைவிடக் குறைவு, அதனால் நீர் மேலே வந்தது. சாக்கடைக் குழாயின் சரிவோ பெரும்பாலான தெருக்களில் நிலத்தின் சரிவைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். ஆகவே குழாய் போகப்போக ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். உலகின் பெருநகரங்கள் 30 மீட்டர், 60 மீட்டர் ஆழத்தில் கழிவுநீர்ச் சுரங்கங்களைக் குடைந்ததற்கும், வேலூரின் ஒரு சாதாரணத் தெருவில் பாதாளச் சாக்கடைக்கான பள்ளம் ஆள் உயரத்தைத் தாண்டிப் போவதற்கும் காரணம் ஒன்றே.

கழிவுநீரில் மணலும் மலமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கின்றன. ஓட்டம் மெதுவானால் இவை குழாயின் அடியில் படிந்துவிடும். படிந்தது அழுகும், அழுகினால் வாயு பிறக்கும். எனவே நாளில் ஒரு முறையாவது நீர் தானே குழாயைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு வேகம் இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பின் முதல் விதி. இந்திய நடைமுறையில் அந்த வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர். தெருக்களில் போடப்படும் 200 மில்லிமீட்டர் குழாயில் இந்த வேகம் கிடைக்க வேண்டுமானால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு தேவை. அதாவது, சமதளமான தெருவில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் மூன்றேகால் மீட்டருக்குமேல் கீழே இறங்கிவிடுகிறது. விட்டம் பெருகப் பெருகத் தேவைப்படும் சரிவு குறையும். 1 மீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு அதே வேகத்தைத் தர 2,500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவே ஏறக்குறையப் போதும். சின்னக் குழாய்களில் வரும் நீரை விரைவில் பெரிய குழாய்களில் சேர்த்துவிட்டால் ஆழத்தை மிச்சப்படுத்தலாம் என்ற பாடம் இதிலிருந்தே கிடைக்கிறது.

குழாய் ஓர் அளவுக்கு மேல் ஆழமாகிவிட்டால் திறந்த பள்ளம் வெட்டுவது செலவும் ஆபத்தும் மிகுந்த வேலை. ஐந்தாறு மீட்டர் ஆழப் பள்ளத்தின் கரைகள் தாமே நிற்கமாட்டா. முட்டுக் கொடுக்க வேண்டும், ஊறும் நீரை இறைக்க வேண்டும், இருபுறமும் வீடுகளின் அடித்தளம் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் பொறியாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அங்கே ஒரு கழிவுநீரேற்று நிலையம் அமைத்து, நீரை மேலே தூக்கி, மறுபடியும் மேலோட்டமான ஆழத்திலிருந்து பயணத்தைத் தொடங்குவது. மற்றொன்று, திறந்து வெட்டுவதைக் கைவிட்டு நிலத்துக்குள்ளேயே குடைந்து போவது. முதல் வழியில் நகரமெங்கும் நீரேற்று நிலையங்கள் பெருகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடம், மின்சாரம், மின்தடையின்போது இயங்க ஜெனரேட்டர், காவல், பராமரிப்பு எல்லாம் வேண்டும். ஒன்று நின்றால் அதற்குப் பின்னால் உள்ள தெருக்களில் மேன்ஹோல் பொங்கும். இரண்டாம் வழியை முழுமையாகக் கடைப்பிடித்தால் அதுவே ஆழ்சுரங்க முறை.

இம்முறைக்குத் தெளிவான சான்று சிங்கப்பூர். அங்கே முதற்கட்டமாகக் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். 20 மீட்டர் முதல் 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் வரை, 6 மீட்டர் வரையான விட்டத்தில் செல்லும் அந்தப் பாதை 2008-இல் முடிந்தது. அதன் முனையில் உள்ள சாங்கி நீர் மீட்பு நிலையம் நாளொன்றுக்கு 8 லட்சம் கன மீட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனோடு அமைந்தது. இரண்டாம் கட்டத்தில் தீவின் மேற்குப் பகுதிக்காகத் துவாஸ் நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆழ்சுரங்கமும் 60 கிலோமீட்டர் இணைப்புக் குழாய்களும் திட்டமிடப்பட்டு, சுரங்கம் குடையும் பணி 2023-இல் நிறைவுற்றது. தீவெங்கும் சிதறிக் கிடந்த நீரேற்று நிலையங்களையும் பழைய சுத்திகரிப்பு நிலையங்களையும் படிப்படியாக மூடி, அந்த நிலத்தை மீட்பதே திட்டத்தின் உயிர்நாடி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். ஆழ்சுரங்கத்தில் நீர் தானாக ஓடுவதால் மின்சாரமே தேவையில்லை என்று பலர் எழுதுகிறார்கள். நீர் எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவையும் கடைசியில் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஒரு கன மீட்டர் நீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் இழப்புகளையும் சேர்த்தால், ஏறத்தாழ 0.12 யூனிட் மின்சாரம் செலவாகும். நாளொன்றுக்கு 54,000 கன மீட்டர் (வேலூரின் அளவு இது, கணக்கு பின்னால் வருகிறது) என்றால் ஏறத்தாழ 6,500 யூனிட். ஆழ்சுரங்கத்தால் கிடைக்கும் உண்மையான ஆதாயம், பழுதாகக்கூடிய நூறு இடங்கள் ஒரே இடமாகக் குறைவதும், அந்த ஓரிடத்தில் மாற்றுப் பம்புகளும் மாற்று மின்வழியும் வைத்து முழுக் கவனமும் செலுத்த முடிவதும், நகரத்துக்குள் நிலம் மிச்சமாவதும்தான். நிலம் தங்கத்தைவிட அரிதான தீவுக்கு அந்தக் கணக்கு பொருந்தியது.

லண்டனிலும் சிகாகோவிலும் உள்ள ஆழ்சுரங்கங்கள் வேறு வகை. அந்நகரங்களின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழை பெய்தால் குழாய் கொள்ளாமல் கழிவுநீர் ஆற்றில் வழியும். அந்த வழிவை ஏந்திப் பிடித்துவைத்து, மழை ஓய்ந்த பின் சுத்திகரிப்புக்கு அனுப்பும் நீண்ட தொட்டிகளாகவே அவை செயல்படுகின்றன. 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்ட தேம்ஸ் சுரங்கம் 2025 தொடக்கத்தில் முழுமையாக இணைக்கப்பட்டது. சிகாகோவில் 1975-இல் தொடங்கிய வேலையில் சுரங்கங்கள் மட்டும் 175 கிலோமீட்டர், அவை முடிய 2006 ஆயிற்று. மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி வழி வைக்கும் நம் ஊர்த் திட்டங்களுக்கு இவற்றை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

இனி வேலூரின் எண்களைப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி வேலூர் மாநகராட்சியில் வாழ்ந்தோர் 5 லட்சத்துக்குச் சற்று அதிகம். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்குவதாகவும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்புவதாகவும் கொள்வது வழக்கம். அதன்படி 5 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 5.4 கோடி லிட்டர், அதாவது முன்பு சொன்ன 54,000 கன மீட்டர். காலையில் எல்லோரும் குளித்துத் துவைக்கும் நேரத்தில் ஓட்டம் சராசரியைவிட இரண்டேகால் மடங்காகும் என்று எடுத்துக்கொண்டால், உச்ச ஓட்டம் விநாடிக்கு 1.4 கன மீட்டர். காவிரி நீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு நகரத்தின் நீர்ப் பயன்பாடும், அதனோடு சேர்ந்து கழிவுநீரும் கூடுகின்றன என்பதையும், குழாய்களை 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகைக்கு வடிவமைக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

3 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுரங்கத்தை ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் அமைத்து, அது நிரம்பி ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 14 கன மீட்டர் நீரைக் கொண்டுபோகும். வேலூரின் உச்ச ஓட்டத்தைப்போல் பத்து மடங்கு. அதே சரிவில் மேற்சொன்ன உச்ச ஓட்டத்துக்கு 1.3 மீட்டர் விட்டமுள்ள ஒரு தலைமைக் குழாய் போதும். எனவே சிங்கப்பூரைப் பார்த்து வேலூருக்கும் அப்படியொரு பெருஞ்சுரங்கம் வேண்டும் என்று கேட்பது தவறு என்பதே என் முடிவு. ஆனால் குடைந்து செல்லும் தொழில்நுட்பம் தேவையில்லை என்று இதற்குப் பொருளாகாது. நகரம் பாலாற்றின் இருகரையிலும் பரந்திருக்கிறது. நடுவே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும், காட்பாடிச் சந்திப்பின் இருப்புப்பாதைகளும், வெட்டித் திறக்கவே முடியாத நெரிசலான கடைத்தெருக்களும் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் குழாய்த் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஜாக்கியால் நிலத்துக்குள் தள்ளிக்கொண்டே, முன்னால் ஒரு சிறு குடையும் இயந்திரம் மண்ணை அகற்றிச் செல்லும் முறை பொருத்தமானது. 1.3 மீட்டர் குழாய்க்கு அது நன்கு பழகிய தொழில்.

குடைவது எதுவாயினும் அதன் விதியைத் தீர்மானிப்பது நிலம். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பார்த்தாலே கீழே என்ன இருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். உருண்டு திரண்ட பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கருங்கல் பல லட்சம் ஆண்டுகள் வெயிலிலும் நீரிலும் நைந்து, விரிசல்களை ஒட்டி மண்ணாகி, நடுவே நையாத உருண்டைகள் மட்டும் மிஞ்சியவை அவை. மலைமேல் மண் கழுவப்பட்டதால் உருண்டைகள் தெரிகின்றன, சமவெளியில் அவையே மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. இங்கே கிணறு வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மேலே மண், அப்புறம் சரளை, இடையில் திடீரென்று ஓர் உருண்டைப் பாறை, மறுபடி நைந்த மண், அதற்குப் பிறகுதான் வெடி வைத்தால் ஒழிய அசையாத கெட்டிப்பாறை.

சுரங்க இயந்திரத்துக்கு முழுக்க மண் என்றாலும் சரி, முழுக்கப் பாறை என்றாலும் சரி, வேலை செய்ய முடியும். மண்ணுக்கு வாரும் பற்களும், பாறைக்கு உருண்டு நசுக்கும் வட்டத் தகடுகளும் உண்டு. கீழ்ப்பாதி பாறையும் மேல்பாதி மண்ணுமாக வரும்போதுதான் சிக்கல். பாறைப்பக்கம் முன்னேற்றம் தடைப்பட, மண்பக்கம் அளவுக்கு மீறிச் சரிந்து இயந்திரத்துக்குள் வந்துவிடும். மேலே சாலையில் பள்ளம் விழும். சென்னை மெட்ரோ ரயில் சுரங்கப் பணியும் இப்படிக் களிமண், மணல், பாறை என்று மாறி மாறி வந்த நிலத்தோடு போராடியே முன்னேறியது. ஆகவே சுரங்கப் பாதையின் ஆழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சரிவின் கணக்கு மட்டும் போதாது. நைந்த பாறை முடிந்து கெட்டிப்பாறை தொடங்கும் மட்டம் எங்கே என்பதைப் போர் போட்டு, உள்ளிருந்து எடுத்த பாறைத் தண்டுகளைப் பார்த்து அறிந்து, இயன்றவரை பாதையை முழுதும் ஒரே வகை நிலத்துக்குள் வைக்க வேண்டும். சில மீட்டர் கூடுதலாக இறங்கி முழுப்பாறைக்குள் போவது, ஆழம் அதிகமானாலும் பல வேளைகளில் மலிவான வழி.

மெக்சிகோ நகரின் அனுபவம் இதற்கு எச்சரிக்கை. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நகரமே தாழ்ந்து, பழைய வடிகால்வாய் சரிவை இழந்துவிட, 62 கிலோமீட்டர் நீளத்தில், 7 மீட்டர் விட்டத்தில், சில இடங்களில் 150 மீட்டர் ஆழம் வரை ஒரு சுரங்கத்தை 2008-இல் தொடங்கினார்கள். நான்கே ஆண்டுகளில் முடியும் என்று நினைத்த வேலை, நிலமும் நீரழுத்தமும் கணக்கை மீறியதால் 2019 இறுதியில்தான் முடிந்தது.

ஆற்றை ஒட்டிய பகுதியின் நிலம் வேறு. அங்கே ஆழமான மணல், அதற்குள் நிறைய நீர். இயந்திரத்தை இறக்கவும் பின்னர் வெளியே எடுக்கவும் செங்குத்துக் கிணறுகள் தேவை. அவற்றை மணலில் அமைக்கும் முறை பாலாற்றுக்காரர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். உறைகிணறு இறக்கும்போது உறையை மணல்மேல் வைத்து, உள்ளிருந்து மணலை வாரிக்கொண்டே வர, உறை தன் எடையாலேயே இறங்கும். மேலே அடுத்த உறையை அடுக்குவார்கள். பல மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் உறையை அதே முறையில் இறக்கி, அடியை கான்கிரீட்டால் அடைத்தால் அது இயந்திரம் இறங்கும் கிணறு. ஆற்றுக்கு அடியில் குழாயைக் கொண்டுபோகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததுபோன்ற பெருவெள்ளத்தில் ஆற்று மணல் ஆழமாக அரிக்கப்படும். குழாய் அந்த அரிப்பு மட்டத்துக்கும் கீழே இருக்க வேண்டும்.

பாறைப் பகுதியில் நீர் விரிசல்களில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் போர்வெல்கள் எல்லாம் அந்த விரிசல்களை நம்பியவை. சுரங்கம் ஒரு விரிசலை வெட்டித் திறந்துவிட்டால், மேலே உள்ள கிணற்று நீர் அதற்குள் வடிந்துவிடும். அதைத் தடுக்கச் சிமென்ட் கூழை முன்கூட்டியே விரிசல்களில் அழுத்திச் செலுத்துகிறார்கள். குடைந்த உடனே முன்வார்த்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்து, இணைப்புகளில் ரப்பர் பட்டை வைத்து, வளையத்துக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட வெளியைக் கூழால் நிரப்புகிறார்கள். இந்த அடைப்பு இரு திசையிலும் முக்கியம். கழிவுநீர் வெளியே கசிந்தால் கிணறு கெடும். நிலத்தடி நீர் உள்ளே புகுந்தால் அதையும் சுத்திகரித்து ஏற்றும் வீண்செலவு காலமெல்லாம் தொடரும்.

மேலோட்டமான குழாய்களிலிருந்து ஆழத்துக்கு நீரை இறக்குவது தனிக் கலை. 30 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர் அடியைத் தொடும்போது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இருக்கும். நாளும் இரவும் அப்படி விழுந்தால் கான்கிரீட் தரை குழியாகிவிடும். அதோடு விழும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்; அந்தக் காற்று சுரங்கத்தில் சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும், வேறெங்கோ துர்நாற்றத்தோடு பீறிட்டுக் கிளம்பும். ஆகவே நீரைக் கிணற்றின் வாயில் ஒரு பக்கமாகச் சுழற்றி விடுகிறார்கள். அது சுவரை ஒட்டித் திருகுபோல் சுழன்று இறங்கும், நடுவே காற்றுக்கு வழி இருக்கும், சுவரோடு உராய்ந்தே வேகம் அடங்கும். அடியில் காற்று பிரிந்து மேலேறுவதற்கு ஓர் அறையும், அந்தக் காற்றைச் சுத்தம் செய்து வெளியே விடும் அமைப்பும் உண்டு.

ஆழ்சுரங்கத்தை வெளியிலிருந்து தாக்குவது நிலம் என்றால், உள்ளிருந்து தின்பது வாயு. குழாய்ச் சுவரில் படியும் வழவழப்பான படலத்தில் பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், நீரில் உள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. வாயு நீரிலிருந்து கிளம்பி, ஈரமான மேற்கூரையில் படிந்து, அங்கே வாழும் வேறு நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாகிறது. அமிலம் கான்கிரீட்டை ஜிப்சக் குழம்பாக்கிவிடும். நீர் தொடாத கூரைதான் முதலில் கரைகிறது என்பதால் சேதம் வெளியே தெரிவதில்லை, ஒருநாள் சாலை உள்வாங்கும்போதுதான் தெரியும். வெப்பம் கூடக்கூட இந்த வேலை வேகமாகும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் இதைக் குளிர்நாடுகளின் அளவில் எடைபோடக் கூடாது. நம் வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோலில் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கும் தொழில் இங்கே பரவலாக நடக்கிறது. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டதை ஒட்டியே 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அத்தகைய நீர் துளியளவு கள்ளத்தனமாக நகரச் சாக்கடையில் கலந்தாலும், அமிலத்தன்மையுள்ள வேறு கழிவோடு சேர்ந்த கணத்தில் நச்சு வாயு வெளிப்படும். அதனால் வேலூரின் தலைமைக் குழாய்க்கு வெறும் கான்கிரீட் போதாது. சிங்கப்பூரில் செய்ததுபோல் உட்புறம் முழுவதும் பாலிஎத்திலீன் தகட்டைக் கான்கிரீட்டோடு பிணைத்துவிட வேண்டும்.

இந்த வாயு கான்கிரீட்டை ஆண்டுக்கணக்கில் அழிக்கிறது, மனிதனை நிமிடங்களில் கொல்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவைத் தாண்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் ஆழம் கூடினால் ஆபத்தும் கூடும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது, சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. அப்படி இறக்கக்கூடாது என்று சட்டம் சொன்னாலும், இறங்காமல் அடைப்பை எடுக்க முடியாதபடி குழாயை வடிவமைத்தால், எவரோ ஒருவர் இறக்கப்படுவார். இந்தப் பொறுப்பு வரைபட மேசையிலேயே தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிங்கப்பூரின் இரண்டாம் கட்டத்தில் ஒரு பகுதியைத் தனியே அடைத்து நீரை நிறுத்தும் பெரிய கதவுகளையும், சுவரின் நிலையைத் தொடர்ந்து உணர்த்தும் ஒளியிழைகளையும் கட்டும்போதே வைத்தார்கள். நம் அளவுக்கு அவ்வளவு வேண்டாம். தலைமைக் குழாயின் தொடக்கத்திலேயே மணலைப் பிடிக்கும் தொட்டி, அதை மேலிருந்தே வாரும் இயந்திரம். ஆழம் 6 மீட்டரைத் தாண்டும் இடங்களில் கேமரா வண்டியும் அழுத்த நீர்க் குழாயும் இறங்கும் அளவுக்கு அகன்ற மேன்ஹோல். ஆற்றுக்கு அடியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குழாய்கள், ஒன்றை மூடிச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும்படி. இவற்றை ஒப்பந்தப் புள்ளி கோரும் முன்பே மதிப்பீட்டில் எழுதிவிட வேண்டும். பள்ளத்தை மூடிச் சாலை போட்ட பிறகு சேர்க்க முடியாது. அதோடு, முதல் கிணறு இறங்குவதற்கு ஓராண்டு முன்பிருந்தே பாதையின் இருபுறமும் உள்ள வீட்டுக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, அந்தக் கணக்கை வார்டு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க எழுதி வைக்க வேண்டும்.